உடும்பும் நீண்ட வளைவும்

என் மனைவிக்குப் பட்டறை வட்டாரத்தில் உடும்பு என்று பெயர். அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. ஒருமுறை உதிரிபாகக் கடைக்காரர், ஃபோனை எடுத்தது யார் என்று கவனிக்காமல், "உடும்பு கேட்ட செயின் வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க" என்று அவளிடமே சொல்லிவிட்டார். "உடும்புதான் பேசுறேன், கொடுத்தனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்கள் பொருள் மட்டும் தாமதமே ஆவதில்லை.

நான் பெயின்டர். ஒரே கொட்டகையின் வலது பாதியில் நான் கதவும் பம்பரும் பூசுகிறேன், இடது பாதியில் அவள் என்ஜின் பிரிக்கிறாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை, என் தூசி அவள் பக்கம் போகாமல் இருக்க. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரட்டுமே, என் மூக்கு. ஒரு கீறல் என்றால் தேய்த்தோமா, பூசினோமா, வண்டியை அனுப்பினோமா என்று இருக்க வேண்டும் எனக்கு. அவளோ அந்தக் கீறல் எதனால் விழுந்தது என்று கேட்கிற ரகம். இப்படி இரண்டு பேரையும் ஒரே கூரைக்கடியில் போட்டவனை நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவள் முதலில் கார் மெக்கானிக் இல்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்தவள். நீளமான ஹாலில் வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும். எங்கோ ஒன்று தையல் விட ஆரம்பித்தால் இவளைக் கூப்பிடுவார்கள். ஊசி கீழே போய்த் திரும்ப ஏறத் தொடங்கும் அந்த நொடியில், அடியில் சுழலும் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தையல் விழாது. அதைச் சரிசெய்வதற்கு டைமிங் வைப்பது என்று பெயர். தொழிற்சாலையை மூடியபோது கூட இருந்தவர்கள் வேறு தொழிற்சாலை தேடிப் போனார்கள். இவள் மாலை வகுப்பில் சேர்ந்து கார் என்ஜின் படித்தாள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "இதுவும் டைமிங்தானே" என்றாள்.

தொழிற்சாலைப் பழக்கம் சிலது கூடவே வந்துவிட்டது. கழற்றிய ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்குவாள். எந்த வேலையையும் முடிக்கிற இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப வருவாள். மடிப்பு தைத்து முடிக்கும்போது கடைசியில் இரண்டு தையல் திருப்பி அடித்தால்தான் நூல் பிரியாதாம். வீட்டில் தரை துடைத்தாலும் வாசல் வரை வந்துவிட்டு, கடைசி முழத்தை மறுபடி துடைப்பாள். பார்சலுக்கு டேப் ஒட்டினாலும் முனையில் இரட்டை. "என்ன, பிரிஞ்சிடுமா?" என்று கிண்டல் செய்வேன். "பிரியாது. அதான் போடுறேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. வயது வித்தியாசம் அதிகம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்திலெல்லாம் இவள்தான் போட்டிருக்கிறாள். பையன் வளர்ந்து என்ன ஆனான் என்றால், கார் பந்தயம் ஓட்டுகிறவன் ஆனான். நல்லவேளை, சுமாராக ஓட்டவில்லை. ஊரில் பெரிய டயர்க்கடை வைத்திருப்பவர் ஒருவருக்குப் பந்தயப் பைத்தியம். சொந்தமாக ஒரு வண்டி வைத்து, பையனை ஓட்ட வைத்தார். வண்டி வேலை முழுவதும் எங்கள் பட்டறையில். அக்கா என்ஜின், மாமா பெயின்ட், தம்பி ஸ்டியரிங். குடும்பமே அந்த ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம்.

போன சீசன் கடைசிப் பந்தயத்தில் மழை. என் மச்சினன் அவசரப்பட்டு ஒரு திருப்பத்தில் வண்டியைக் கவிழ்த்தான். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவனை இழுத்து வெளியே எடுத்தார்கள். உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. வண்டிதான் நொறுங்கிப் போனது. நான் வெளி உடம்பை நிமிர்த்திப் பூசினேன். அவள் என்ஜினை முழுதாகப் பிரித்து, கழுவி, மூடினாள். புது சீசனுக்கு வண்டி பளபளவென்று போய் நின்றது.

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. பந்தயத் தடத்தில் இடதுபக்கமாக ஒரு நீண்ட வளைவு. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடியே அதில் போய் வெளியே வரவேண்டும். முதல் சில சுற்றுகள் ஒழுங்காகப் போவான். பிறகு அந்த வளைவின் பாதியில் வேகம் விழும். ஒரு நொடி, அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில் பின்னால் வந்த வண்டிகள் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தெருவில் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

டயர்க்கடைக்காரரின் அணியில் வேகக் கணக்குப் பார்க்கும் என்ஜினியர் ஒரு பெண். நிதானமானவள், வேலை தெரிந்தவள். அவளிடம் இருந்த கருவி வேகத்தையும் வண்டி இருக்கும் இடத்தையும் மட்டும் எழுதும். "வேகம் குறையுது. எதனாலன்னு இது சொல்லாது" என்றாள். டயர்க்கடைக்காரருக்கோ அது சொல்லத் தேவையே இருக்கவில்லை. கவிழ்ந்த பையன், வேகமான வளைவு, பாதியில் குறையும் வேகம். பயத்தில் கால் தானாக மேலே வருகிறது. பந்தயத்தில் இது எத்தனை பேருக்கு வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் நினைத்ததை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று சாப்பாடு கிடையாது.

டயர்க்கடைக்காரர் பட்டறைக்கே வந்து என் மனைவியிடம் சொன்னார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர்.

"பயம் வந்தா தப்பில்லம்மா. எனக்கு வந்திருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். ஆனா பயந்துக்கிட்டே ஓட்டுறவன அந்த சீட்ல உட்கார வைக்க எனக்கு மனசு வரல. அடுத்த ப்ராக்டிஸுக்கு வேற ஒருத்தர உட்கார வெச்சுப் பார்க்கப் போறேன்."

"அவன் கால் எடுக்கல" என்றாள் இவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன எனக்குத் தெரியும். வண்டிய அடுத்த ப்ராக்டிஸ் வரைக்கும் என்கிட்ட விடுங்க. கோளாறு வண்டிலன்னு காட்டுறேன். காட்ட முடியலன்னா யாரை வேணா உட்கார வைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உடும்பு பிடித்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்று அவருக்கும் தெரியும். சரி என்று போனார்.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தான். முன்னெல்லாம் வரும்போதே பட்டறை கலகலக்கும். "மாமா, இந்தச் சிவப்பு கண்ணுக்கு நல்லா இருக்கு, காருக்குத்தான் நல்லா இல்ல" என்று என் வேலையில் வாயை வைக்காமல் இருக்கமாட்டான். அன்று வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தவன்தான். இவள் பானெட்டுக்குள் தலையை விட்டபடி கேட்டாள்.

"அந்த வளைவுல என்ன ஆகுது, சொல்லு."

"பிக்கப் விழுதுக்கா. இல்ல, நான் எடுக்கிறேனோ என்னவோ."

"நீ எடுக்கல."

"எனக்கே தெரியலக்கா. எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப அந்த இடம் வந்தாலே என் காலையே கவனிச்சுக்கிட்டு இருக்கேன். மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்னு தோணுது. ஆனா சத்தம் பாதி அடங்கி, திரும்ப ஏறுது. அப்ப எடுத்திருப்பேன்ல."

இவள் தலையை வெளியே எடுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தம்பிக்கு சீட் போகப் போகிறதே என்றுதான் அதுவரை கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவன் தன் காலையே நம்பாமல் போய்விட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொல்லிவிடுகிறேன், எனக்கும் அப்போதுதான். தன் காலை நம்பாதவன் அந்த வேகத்தில் போனால் இன்னொரு தடவையும் சிராய்ப்பில்லாமல் திரும்பி வருவான் என்று என்ன நிச்சயம்?

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்ஜின் மூச்சு விடுவது வால்வுகள் வழியாக. மெதுவாகப் போகும்போது வால்வு திறக்க வேண்டிய நேரம் ஒன்று, சீறிப் போகும்போது வேறொன்று. பழைய என்ஜின்கள் நடுவாந்திரமாக ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளின. இந்த மாதிரி வேகமான வண்டிகளில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் என்ஜின் ஆயில் புகுந்து தள்ளினால் தண்டு கொஞ்சம் முன்னால் திரும்பிக்கொள்ளும், வால்வும் முந்தித் திறக்கும். எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, விரல் நீளத்தில் ஒரு சோலினாய்டு அதைத் திறந்து மூடும். ஆயில் சரியாகப் போகவில்லை என்றால் தண்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும், பிக்கப் படுத்துவிடும். இதையெல்லாம் இவள் எனக்குச் சொல்லிக் கொடுக்க நினைத்ததில்லை. கட்டிலில் படுத்தபடி தனக்குத்தானே பேசிக்கொள்வாள், நான் தூக்கம் கெட்டுக் கற்றுக்கொண்டேன்.

"தையல் விடுதுங்க" என்றாள் என்னிடம். "கால் எடுத்தா சத்தம் முழுசா அடங்கும். அவன் சொல்ற மாதிரி பாதி அடங்கி, திரும்ப ஏறாது. டைமிங்தான் தப்புது."

ஆயிலில் ஆரம்பித்தாள். அளவு சரி, ரகமும் சரி. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தாள், பிரஷர் சரி. சோலினாய்டைக் கழற்றி பேட்டரியில் தொட்டாள், டக் டக் என்று திறந்து மூடியது. அதற்கு முன்னால் உள்ள சல்லடையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பல்சக்கரத்தைக் காற்று வைத்துத் தள்ளினாள், சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. காற்று உள்ளே போகும் வால்வுகளுக்கு ஒரு சோலினாய்டு, புகை வெளியே போகும் வால்வுகளுக்கு ஒன்று. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, தம்பியைத் தடத்தில் ஓட்டச் சொன்னாள். சோலினாய்டு கெட்டிருந்தால் கோளாறும் அதோடு பக்கம் மாறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வண்டிக் கம்ப்யூட்டரின் கணக்கைப் பதிவு செய்யும் ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தபோது, தடுமாற்றம் காற்று உள்ளே போகும் பக்கத்திலேயே நின்றது.

ஸ்கேனர் திரையில் கோடு சரிந்திருந்தது. அந்த வளைவில், ஆயில் நன்றாகச் சூடான பிறகு, கேம் பின்னால் போயிருந்தது. நான் கதை முடிந்தது என்று கையைக் கழுவப் போய்விட்டேன். என்ஜினியர் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, நான் உங்க பக்கம்தான். ஆனா இத வெச்சு ரெண்டு பக்கமும் பேசலாம். கால் எடுத்தாலும் கம்ப்யூட்டரே கேமப் பின்னால இழுக்கும். இந்த ஸ்கேனர் மெதுவா எழுதுது. எது முதல்ல விழுந்துச்சு, காலா கேமான்னு இதுல தெரியாது. வேகமா எழுதுற கருவி கேட்டிருக்கேன், ப்ராக்டிஸுக்குள்ள வராது."

அவள் சொன்னது நியாயம். இவளும் அதை மறுக்கவில்லை. "அப்ப பொருளத்தான் காட்டணும்" என்று மட்டும் சொன்னாள்.

ப்ராக்டிஸ் நெருங்கிவிட்டது. கழற்றிப் பார்த்ததெல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விட்டுத் தொலையேன்" என்றேன். "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. எல்லாம் நல்லா இருக்கு. நல்லா இருக்கிறத எவ்வளவு நேரம்தான் நோண்டுவ?"

"நின்னுக்கிட்டு இருக்கும்போது நல்லா இருக்கு. ஓடும்போது இல்ல. ஓடுறப்ப என்ன ஆகுதுன்னு யாருங்க பார்த்தது?"

"அப்ப பானெட்டுக்குள்ள ஏறி உட்கார்ந்துக்கோ."

கோபத்தில் சொன்னேன். அவள் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றாள். தொழிற்சாலையில் ஒரு மெஷின் இருந்ததாம். மெதுவாக ஓட்டினால் அழகாகத் தைக்கும், முழு வேகத்தில் நூல் திணறும். பிரித்தால் எதுவும் இருக்காது. கடைசியில் பார்த்தால் நூல் போகும் வழியில் ஒரு துணிப்பிசிறு. மெதுவாகப் போகும் நூல் அதைத் தொடாமல் போகும், வேகமாக இழுத்தால் பிசிறும் சேர்ந்து வந்து வழியை அடைக்கும். மெஷினை நிறுத்தினால் அது தன் இடத்துக்கே போய்விடும்.

மறுநாள் காலையில் மின் அடுப்பில் ஒரு டப்பா ஆயிலைச் சூடாக்கினாள். சோலினாய்டு இரண்டையும் கழற்றிவிட்டு, பிரஷர் பார்க்கும் துளையில் குழாயைச் செருகி, கைப்பம்பால் சுடு ஆயிலை உள்ளே தள்ளச் சொன்னாள். தள்ளியது நான்தான், பெயின்டர். மெதுவாகத் தள்ளினேன். சோலினாய்டு இருந்த இரண்டு துளைகளிலும் ஆயில் தாராளமாக வந்தது. "இப்ப வேகமா" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். ஒரு துளையில் பீச்சி அடித்தது. மற்றதில், காற்று உள்ளே போகும் பக்கத்தில், தாரை சட்டென்று மெலிந்து நூலாக வழிந்தது.

"நிறுத்துங்க." நிறுத்தினேன். "திரும்ப மெதுவா." திரும்ப தாராளமாக வந்தது.

நான் பம்பைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்த சிரிப்பு அது, பொய் சொல்லவில்லை. "மாட்டிக்கிச்சுங்க. இந்தக் கவருக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயினை மூடியிருக்கும் முன்பக்கக் கவரைக் கழற்றுவது விளையாட்டு வேலை இல்லை. பெல்ட், கப்பி, என்ஜினைத் தாங்கும் பிடிமானம் என்று வரிசையாகக் கழற்றினாள். நான் என் வேலையை ஓரம் கட்டிவிட்டுத் தூக்கிப் பிடித்தேன். கவரைச் சுற்றிலும் கறுப்பு சிலிக்கான் பூசி ஒட்டியிருக்கும், ஆயில் கசியாமல் இருக்க. கத்தியால் அறுத்து மெதுவாகப் பிரித்தாள். டார்ச் அடித்தாள். கவரின் உள்பக்கத்தில், பல்சக்கரத்துக்கு ஆயில் போகும் துளையின் விளிம்பில், நகம் அளவுக்கு ஒரு சிலிக்கான் துண்டு நாக்கு மாதிரி தொங்கியது. ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருந்தது. சூட்டில் ஊறி மெத்தென்று இருந்தது. வேகமாக ஆயில் போனால் அது போய்த் துளையில் படியும். நின்றால் விலகிக்கொள்ளும்.

"சபாஷ்" என்றேன். "இவ்வளவு பூசினவன் எவன்? சுவத்துக்குச் சிமென்ட் பூசுற ஆளா?"

அவள் டார்ச்சை அந்த இடத்திலேயே வைத்திருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

சுற்றிலும் சிலிக்கான் ஒரே சீராக, மெல்லிய கோடாக இருந்தது. அந்த ஒரு இடத்தில் மட்டும் தடிமன். பூசத் தொடங்கியதும் முடித்ததும் அங்கே. முடித்த கை அதோடு நிற்காமல், கொஞ்ச தூரம் பின்னால் போய், பூசியதன் மேலேயே திரும்பவும் பூசிவிட்டு நின்றிருக்கிறது. கவரை வைத்து இறுக்கியபோது அந்த இரட்டைப் பூச்சு பிதுங்கி உள்பக்கம் வழிந்திருக்கிறது.

எனக்கும் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் முடிக்கிற இடத்தில் பின்னால் போய்த் திரும்ப வரும் மெக்கானிக் ஒருத்திதான் இருக்கிறாள்.

"என் கைதாங்க" என்றாள். "வண்டி கவிழ்ந்து வந்தப்ப நான்தான மூடினேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன். என் மூளை அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் பூசுகிற தொழில்காரன், பூசி மெழுகுவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

"இங்க பாரு" என்றேன். "அதக் கிள்ளி எறி. புதுசா ஒரு சோலினாய்டு வாங்கி மாட்டு. சோலினாய்டு சூடானா சிக்குதுன்னு சொல்லிடுவோம். தம்பிக்கு சீட் கிடைச்சாச்சு, வண்டி சரியாயிடும், பட்டறை பேரும் கெடாது. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவன் நம்ப மாட்டான்."

"யாரு, டயர்க்கடைக்காரரா? நான் பேசிக்கிறேன்."

"தம்பி நம்ப மாட்டான். ஏதோ மாத்தினாங்க, சரியாச்சுன்னா, சரியானது வண்டியா நானான்னு யோசிப்பான். நாளைக்கு வேற எதுக்கோ வண்டி ஒரு தடவ இழுத்துச்சுன்னா திரும்ப அவன் காலைத்தான் சந்தேகப்படுவான். அவன் கண்ணால பார்க்கணும். எது, எங்க, எப்படின்னு பார்க்கணும்."

"யாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமே."

"அதையும் மறைச்சா, இந்த இடத்தப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிடுவான். நான் ஒட்டின டேப்ப பிரிச்சு வளர்ந்தவன்ங்க அவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டறையின் பாதி வேலை அந்த அணியால் வருகிறது. திரையைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் போய் ஒரு பம்பரைத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேவையே இல்லாத பம்பர் அது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அவள் தம்பி, டயர்க்கடைக்காரர், என்ஜினியர் மூன்று பேருக்கும் ஃபோன் செய்து முடித்திருந்தாள்.

மூவரும் வந்தார்கள். அவள் நாற்காலி எல்லாம் போடவில்லை. அந்த நாக்கை ஒட்டியிருந்த இடத்திலேயே விட்டிருந்தாள். கவரை மறுபடி பொருத்திப் பிடித்து, என்னைப் பம்பு அடிக்கச் சொன்னாள். மெதுவாக, பிறகு வேகமாக. என்ஜினியர் குனிந்து பார்த்தாள், தானே பம்பை வாங்கி ஒருமுறை அடித்துப் பார்த்தாள். அப்புறம் கவரை எடுத்துக் காட்டினாள் இவள். டயர்க்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப முதல்ல விழுந்தது கேம்தான்" என்றாள் என்ஜினியர். "கால் இல்ல. சந்தேகமே இல்ல சார்."

"இத மூடினது யாரு?" என்று கேட்டார் அவர்.

"நான்" என்றாள். "முடிக்கிற இடத்துல திரும்பிப் பூசுற பழக்கம் எனக்கு. அது உள்ள பிதுங்கியிருக்கு. தப்பு முழுக்க என்னுது. தம்பி ஒரு தடவகூட காலை எடுக்கல."

 மச்சினன் அந்தத் தடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மழையில கவுத்தது நான்" என்றான் கடைசியில். "அதுக்கு யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் நான் கண்ணாடியில என் முகத்தப் பார்க்கவே..." முடிக்கவில்லை. "எனக்கே என்னைப் பிடிக்காமப் போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

டயர்க்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "சீட் அவனுக்குத்தான். நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும், கேட்டுக்கிறேன். வண்டிய நீயே மூடி அனுப்பும்மா. இனிமே என்ஜின எங்க விடுறதுன்னு நான் யோசிக்கணும். அத உன்கிட்ட மறைக்க விரும்பல."

"நியாயம்தான் சார்" என்றாள்.

அவர் போன பிறகு நான், "பார்த்தியா?" என்றேன். அவள், "பார்த்தேன். அந்த பெட்ரோல் துணியக் கொடுங்க" என்றாள். பழைய சிலிக்கானை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தாள். துளைகளைக் கழுவி, காற்றடித்து, கண்ணை வைத்துப் பார்த்தாள். புது சிலிக்கான் குழாயின் மூக்கை வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கோடாகப் பூசிக்கொண்டு வந்தாள். கோடு தொடங்கிய இடத்தை வந்து தொட்டது. கை அங்கிருந்து பின்னால் போகத் திரும்பியது. நான் பார்த்தேன். இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து, குழாயைத் தூக்கினாள்.  பிறகு, "கவரத் தூக்குங்க" என்றாள்.

ப்ராக்டிஸ் அன்று மச்சினன் வந்தான். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். நாங்கள் அந்த நீண்ட வளைவுக்கு எதிரே கம்பி வேலியோரம் போய் நின்றோம். முதல் சுற்றுகள் எப்போதும் போல. ஆயில் சூடாக வேண்டும். அவள் வேலியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. நான் எதையாவது பேசி வைக்கலாம் என்று வாயெடுத்தேன். "சும்மா இருங்க, கேட்கணும்" என்றாள்.

வண்டி திரும்பவும் வந்தது. வளைவுக்குள் நுழைந்தது. பாதி தாண்டியது. சத்தம் விழவில்லை. ஏறிக்கொண்டே போய் வெளியே வந்து நேர்ச்சாலையில் கத்தியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றிலும். நிறுத்தச் சொல்லிக் கொடி காட்டும் வரை ஓட்டினான்.

வண்டியை நிறுத்தியவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். டயர்க்கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு போனார். அவன் அவர் கையைக் குலுக்கிவிட்டு, அவரைத் தாண்டி எங்களிடம் வந்தான். முகமெல்லாம் வியர்வை. அக்கா முன்னால் நின்றான்.

"நான் கால் எடுக்கலக்கா" என்றான்.

அதை அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் முறை. என் மனைவி தலையை ஆட்டினாள். வாய் திறந்தால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னான். "ஒரு தடவகூட எடுக்கல."

"தெரியும்டா" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.